முழங்கை முறிந்த மகளோடு ஒரு குழந்தைகள் எலும்பு அறுவைப் பிரிவில்: எங்கள் மதிப்பீடு

ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் எங்கள் குடும்பம் கழித்த 2 இரவுகளையும், அதன் பிறகு வெளிநோயாளியாகப் போய்வந்த 4 மாதங்களையும் வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். பாராட்ட நிறைய இருந்தாலும் மனம் பொறுக்காமல் சொல்ல வேண்டிய குறைகள் 2 உள்ளன. அவை அந்த ஒரு கட்டடத்துக்குள் மட்டும் நடப்பவை என்று எனக்குத் தோன்றவில்லை. இதே நிலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் இன்னொரு பெற்றோருக்கு, யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதாவது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

என் மகளுக்கு 5 வயது, மகனுக்கு 9 வயது. அண்ணன் பின்னால் நின்று ஊஞ்சலை ஆட்டிக்கொண்டிருந்தபோது அவள் பிடி நழுவி முன்பக்கமாக விழுந்தாள். விழும் குழந்தைகள் எல்லோரும் செய்வதைப் போலவே கையை நீட்டித் தரையில் ஊன்றினாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது இடது முழங்கைக்குச் சற்று மேலே கை திரும்பக் கூடாத ஒரு திசையில் திரும்பியிருந்தது. அவள் வீறிட்டு அழவில்லை. வலது கையால் இடது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, உதடு வெளுத்து, "தொடாதம்மா, தொடாதம்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவசரப் பிரிவில் எங்களைப் பார்த்த இளம் மருத்துவர் எக்ஸ்ரேவுக்கு அனுப்பும் முன்பாகச் செய்தவற்றை வரிசையாக நினைவில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அந்த 10 நிமிடங்களில்தான் எனக்கு மூச்சு திரும்பியது. முதலில் ஊசி எதுவும் போடாமல், மூக்கினுள் தெளிக்கும் வலி மருந்தைக் கொடுத்தார். பிறகு வீங்கிய இடத்தைத் தொடாமலேயே மணிக்கட்டில் 2 விரல்களை வைத்து நாடித் துடிப்பைப் பார்த்தார். விரல் நுனிகளை அழுத்தி, வெளுத்த நிறம் எவ்வளவு விரைவில் சிவக்கிறது என்று கவனித்தார். அதன் பிறகு மகளின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "கட்டை விரலத் தூக்கிக் காட்டு கண்ணு, இப்ப கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து ஒரு வட்டம் போடு, இப்ப விரலெல்லாம் விரி பாக்கலாம்" என்று விளையாட்டைப் போலக் கேட்டார். கட்டை விரலைத் தூக்கினால் ரேடியல் நரம்பும், வட்டம் போட்டால் மீடியன் நரம்பின் ஒரு கிளையும், விரல்களை விரித்தால் அல்னார் நரம்பும் வேலை செய்கின்றன என்று பொருளாம். மகள் போட்ட வட்டம் கோணலாக இருந்தாலும் 2 விரல்களின் நுனிகளும் தொட்டுக்கொண்டன. "இது போதும்" என்று அவர் சொன்ன பிறகே கைக்குத் தாங்கலாக ஒரு பலகை வைத்துக் கட்டி எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார்.

முறிவின் பெயர் சுப்ராகாண்டைலர். மேற்கை எலும்பு முழங்கைக்கு மேலே தட்டையாகி மெலியும் இடத்தில் ஏற்படுவது. இந்த வயதுக் குழந்தைகளின் முழங்கைப் பகுதி முறிவுகளில் இதுவே மிகுதி. கார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1959இல் வகுத்த 3 வகைகளில் எங்கள் மகளுடையது மூன்றாவது, அதாவது முறிந்த 2 துண்டுகளும் முற்றிலும் விலகிய வகை. பெரிய மருத்துவர் ஒரு தாளில் எலும்பை வரைந்து காட்டியபோது என் கணவர் கேட்ட கேள்வி, எந்தப் பெற்றோரும் கேட்பதுதான்: "குழந்தை எலும்பு தானா நேராகிடும்னு சொல்வாங்களே, மாவுக்கட்டு மட்டும் போட்டா போதாதா?" அவர் அவசரப்படாமல் பதில் சொன்னார். குழந்தைகளின் எலும்பு வளர வளரக் கோணலைத் திருத்திக்கொள்வது உண்மைதான், ஆனால் அந்தத் திருத்தம் எலும்பு வேகமாக வளரும் முனையருகே நடப்பது. மேற்கை எலும்பின் வளர்ச்சியில் ஏறத்தாழ 80 சதவீதம் தோள்பட்டை முனையிலும் 20 சதவீதம் மட்டுமே முழங்கை முனையிலும் நடப்பதால், இங்கே கோணலாக ஒட்டினால் பெரும்பாலும் கோணலாகவே நின்றுவிடும் என்றார். வெளியிலிருந்தே எலும்பை இழுத்து நேராக்கி, தோலைக் கீறாமல், மெல்லிய கம்பிகளைச் செருகி நிறுத்துவதே சிகிச்சை என்றும், கிருமித் தொற்று, நரம்புக் காயம், கம்பி நழுவுதல், சில சமயம் தோலைத் திறந்து செய்ய வேண்டி வருதல் ஆகிய 4 சிக்கல்களையும் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து கேட்டார். இந்தப் பிரிவில் நான் கண்ட மிகச் சிறந்த பண்பு இதுவே. என் கணவரின் கேள்வியை அவர் சந்தேகமாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாடித் துடிப்பு சீராக இருந்ததால் இரவில் அவசரமாகச் செய்ய வேண்டியதில்லை, காலையில் முழுக் குழுவோடு செய்வதே நல்லது என்று முடிவாயிற்று. அந்த இரவுக்கு வந்த செவிலியரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் மணிக்கு ஒரு முறை வந்து விரல்களின் சூட்டையும் நிறத்தையும் அசைவையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். அதோடு நிற்காமல், எதற்காகப் பார்க்கிறார் என்பதையும் என்னிடம் விளக்கினார்: கையின் தசைகளுக்குள் அழுத்தம் ஏறினால் இரத்த ஓட்டம் தடைபட்டுத் தசை நிலையாகச் சேதமடையக்கூடும், மருந்து கொடுத்த பின்பும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரலை மெல்ல நீட்டும்போது துடித்தாலோ, குழந்தை காரணம் தெரியாமல் நிலைகொள்ளாமல் தவித்தாலோ உடனே மணியை அழுத்த வேண்டும். "நீங்க பயந்து கூப்பிட்டீங்கன்னு யாரும் நினைக்க மாட்டோம், கூப்பிடுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தால் விடியும் வரை என்னால் அமைதியாக விழித்திருக்க முடிந்தது.

மறுநாள் பகலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. "இரவு 12 மணிக்கு மேல் எதுவும் கொடுக்காதீர்கள்" என்று சொல்லியிருந்தார்கள், நாங்களும் கொடுக்கவில்லை. காலை 8 மணிக்கு முதல் ஆளாக உள்ளே போக வேண்டியவளின் இடத்தில் இன்னும் அவசரமான ஒரு குழந்தை வந்ததால் வரிசை தள்ளிப்போனது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நேற்று இரவு நாங்களே அப்படி வந்தவர்கள்தாம். ஆனால் 9 மணிக்கும் 10 மணிக்கும் 11 மணிக்கும் "இப்போது கூப்பிடுவார்கள்" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. என் கணவர் வற்புறுத்திக் கேட்ட பிறகே நண்பகலில் சொட்டு மருந்து ஏற்றினார்கள். அதற்குள் அவள் நாக்கு வெள்ளையாகக் காய்ந்துவிட்டது. வியர்த்திருந்த முகத்தை நான் ஈரத் துணியால் துடைத்தபோது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்தத் துணியில் விரலை ஒற்றி ஒற்றி வாயில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் கேட்கக் கூடாது என்று நான் காலையில் சொன்னதை அவள் மீறவில்லை, அவ்வளவுதான்.

பகல் 2.30 மணிக்கு அவளை அழைத்துப் போக வந்த மயக்கவியல் மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. திட உணவுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம் இடைவெளி வேண்டும், ஆனால் தண்ணீரைப் போன்ற தெளிந்த நீர்மங்களை மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்பு வரை குழந்தைக்குக் கொடுக்கலாம். வரிசை தள்ளிப்போனது தெரிந்த உடனேயே யாராவது தன்னைக் கேட்டிருந்தால் தாராளமாகக் குடிக்கச் சொல்லியிருப்பேன் என்றார். ஆகவே 14 மணி நேரத்துக்கும் மேலாக என் மகள் தாகத்தோடு கிடந்ததற்கு மருத்துவக் காரணம் ஒன்றும் இல்லை. அறுவை அரங்கில் நேரம் மாறியது, வார்டில் பலகையில் எழுதியது மாறவில்லை. குழந்தைக்கு அறுவை சிகிச்சை தள்ளிப்போகும் பெற்றோர் எவராக இருந்தாலும் "இப்போது தண்ணீர் கொடுக்கலாமா என்று மயக்க மருத்துவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று நேரடியாகக் கேளுங்கள். தாமாகக் கொடுத்துவிடாதீர்கள், வயிற்றில் உள்ளது மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்மையானது. ஆனால் கேட்காமல் இருக்கவும் வேண்டாம்.

அரங்கின் உள்ளே, அவள் உறங்கும் வரை நானும் உடனிருக்க அனுமதித்தார்கள். முகமூடியை அவள் கையிலேயே கொடுத்து, பலூனை ஊதச் சொல்வதுபோல ஊதச் சொன்னார்கள். "கண் மேலே செருகும், கை கால் லேசாக உதறும், அது சரியானதுதான், அப்போது ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்" என்று முன்பே சொல்லியிருந்ததால், அது அப்படியே நடந்தபோது நான் உடைந்துபோகவில்லை. 50 நிமிடங்களில் பெரிய மருத்துவரே வெளியே வந்தார். சி-ஆர்ம் எனப்படும் நகரும் எக்ஸ்ரே கருவியின் திரையைப் பார்த்தபடியே எலும்பை நேராக்கி, கையின் வெளிப்பக்கத்திலிருந்து 3 கிர்ஷ்னர் கம்பிகளைச் செருகியிருப்பதாகவும், ஒவ்வொன்றும் 1.6 மில்லிமீட்டர் தடிமன் என்றும், பிறகு எளிதாக எடுப்பதற்காக அவற்றின் முனைகளைத் தோலுக்கு வெளியே வளைத்துவிட்டிருப்பதாகவும் சொல்லி, முன்னும் பின்னும் எடுத்த 2 படங்களை அருகருகே காட்டினார். நேற்றுப் பார்த்த எலும்பா இது என்றிருந்தது.

இரண்டாவது குறை அடுத்த அரைமணி நேரத்தில் நிகழ்ந்தது. மயக்கம் தெளியும்போது என் மகள் என்னை அடையாளம் காணவில்லை. கண்கள் திறந்திருந்தன, ஆனால் என்னைத் தாண்டி எங்கோ பார்த்தபடி அலறினாள், கால்களை உதைத்தாள், நான் தொட்டால் இன்னும் அதிகமாகக் கத்தினாள். மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்; என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். 20 நிமிடங்களில் அது தானாக அடங்கி, அவள் தூங்கி எழுந்து, சாதாரணமாக "அம்மா" என்றாள். பள்ளிக்குச் செல்லத் தொடங்கும் வயதுக் குழந்தைகளிடம் வாயு மயக்க மருந்துக்குப் பிறகு இது அடிக்கடி காணப்படுவது, பொதுவாக அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடும், குழந்தைக்குப் பின்னால் நினைவிலும் இருப்பதில்லை என்று அதன் பிறகு சொன்னார்கள். கண் செருகும் என்று முன்பே சொல்லத் தெரிந்தவர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்ல இன்னொரு நிமிடம் போதுமாக இருந்திருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் நாங்கள் மறந்துபோன ஒருவன் உண்டு. என் மகன் 2 நாள்களாக யாரோடும் சரியாகப் பேசவில்லை. பாட்டியோடு வீட்டில் இருந்தவனைக் களைப்பு என்று நினைத்துவிட்டோம். ஒரு வாரம் கழித்து முதல் மறுபரிசோதனைக்கு அவனையும் அழைத்துச் சென்றிருந்தோம். மாவுக்கட்டு அறையில் மகளின் கட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பணியாளர், மூலையில் நின்றவனைக் கூப்பிட்டு, மிச்சமிருந்த ஒரு துண்டு மாவுத்துணியைத் தண்ணீரில் நனைத்து அவன் கட்டை விரலில் சுற்றிவிட்டார். "கொஞ்ச நேரத்துல சுடும் பாரு, இறுகும்போது சூடு வரும்" என்றார். அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான்தான் ஊஞ்சல வேகமா தள்ளினேன்" என்றான். அந்த அறையில் இருந்த எங்கள் யாருக்கும் அவன் இதைச் சுமந்துகொண்டிருப்பது தெரியாது. அந்தப் பணியாளர் கையை நிறுத்தாமல், "ஊஞ்சல்ல விழுந்த பிள்ளைங்க கைய நான் இங்க நிறைய கட்டியிருக்கேன் தம்பி, அண்ணன் தள்ளாமயே விழுந்தவங்கதான் அதுல பாதிப் பேர்" என்றார். மகன் அழுதான். அன்று இரவுதான் அவன் ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கினான். இந்தப் பிரிவுக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி பெயர் கேட்க மறந்துபோன அந்த மனிதருக்கு உரியது. வீட்டில் வேறு பிள்ளைகள் இருந்தால், அடிபட்ட குழந்தையின் முறிவைப் பற்றி அவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். நாங்கள் ஒரு வாரம் தாமதித்தோம்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாள் பெரும்பாலும் நன்றாக எழுதப்பட்டிருந்தது. முதல் 2, 3 நாள்களுக்கு வலி வந்த பின் மருந்து கொடுக்காமல், எழுதிக் கொடுத்த அளவில் மணிக் கணக்குப்படியே கொடுக்க வேண்டும். கையைத் தலையணைகளின் மேல் நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி வைக்க வேண்டும். விரல்களை அசைக்கச் சொல்ல வேண்டும். அரிப்பெடுத்தால் கட்டுக்குள் எதையும் நுழைக்கக் கூடாது. கட்டு நனைந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும். இவை எல்லாம் தெளிவாக இருந்தன. இல்லாதவற்றை நாங்களாகவே கற்றுக்கொண்டோம். முதல் வாரம் அவள் படுத்துத் தூங்கவில்லை, சாய்ந்து உட்கார்ந்த நிலையில்தான் தூங்கினாள். நானும் கணவரும் இரவை இரண்டாகப் பிரித்துக்கொண்டு விழித்திருந்தோம். முன்பக்கம் பொத்தான் வைத்த, கை அகன்ற சட்டை மட்டுமே உதவியது, அதிலும் அடிபட்ட கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது கடைசியாக எடுக்க வேண்டும். கட்டு நனையாமல் இருக்க வாங்கிய ரப்பர் கழுத்துள்ள நெகிழி உறை சிறு தெறிப்புகளுக்குத் தாங்கியது, ஆனால் அதன் விளிம்பு மேற்கையை இறுக்கியதை அவள் வெறுத்தாள். கையை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு உடம்பைத் துடைத்துவிடுவதே எங்களுக்கு ஒத்துவந்தது. பள்ளிக்கு எப்போது அனுப்பலாம், அங்கே எதைச் செய்யக் கூடாது என்று ஒரு வரி அந்தத் தாளில் இருந்திருக்கலாம்; நாங்கள் அதைத் தொலைபேசியில் 2 முறை கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

கம்பிகளை 4 வாரம் கழித்து, மயக்க மருந்தே இல்லாமல் வெளிநோயாளி அறையில் எடுப்பார்கள் என்று கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அந்த அறையில் நடந்தது இது: வீட்டிலேயே வலி மருந்து கொடுத்து அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள், குழந்தைகளோடு விளையாடுவதற்கென்றே பணியமர்த்தப்பட்ட ஒரு பெண் சோப்பு நுரைக் குமிழிகளை ஊதி அவளை எண்ணச் சொன்னார், மருத்துவர் இடுக்கியால் வளைந்த முனையைப் பிடித்து ஒரே சீராக இழுத்தார். 3 கம்பிகளும் ஒரு நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட்டன. அவள் அழுதாள், ஆனால் அதற்கு முன் தோலில் ஒட்டியிருந்த பட்டையைப் பிய்த்தபோது அழுத அளவுக்கு இல்லை. ஆறும் எலும்பிலிருந்து கம்பி வரும்போது உணர்வது பெரும்பாலும் இழுப்புதான் என்று அவர்கள் சொல்லியிருந்ததை நான் நம்பியிருக்கலாம்.

கட்டை எடுத்ததும் கை நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது. உருவிவிட வேண்டுமா, இழுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார்கள். வலுக்கட்டாயமாக நீட்டினால் அந்த மூட்டைச் சுற்றிய தசை காயப்பட்டு இறுக்கம் கூடும், சில சமயம் தசைக்குள்ளேயே எலும்பு படியவும் செய்யும். குழந்தை தானாக விளையாடி, தானாகத் தலை வாரி, தானாகச் சட்டை போட்டு மீட்டுக்கொள்ளும் அசைவே போதுமானது, அதற்கு வாரங்கள் முதல் மாதங்கள் வரை ஆகும் என்றார்கள். சும்மா இருப்பது எங்களுக்குக் கடினமாக இருந்தது. ஆனால் எட்டாவது வாரத்தில் ஒரு காலை, இடது கையாலேயே காதோரம் விழுந்த முடியை ஒதுக்கினாள், ஒதுக்கியதே தெரியாமல்.

எலும்பைச் சேர்த்த திறமைக்கு முழு மதிப்பெண். இரவுச் செவிலியருக்கும், மாவுக்கட்டு அறைக்கும், கம்பி எடுத்த நாளின் பொறுமைக்கும் அதே. ஒரு பெற்றோர் மட்டுமே தங்கலாம் என்ற விதியும், அவருக்கென்று இருந்த நிமிராத சாய்வு நாற்காலியும் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. அறுவைக்கு முந்தைய காத்திருப்புக்கும், மயக்கம் தெளிவதைப் பற்றி எச்சரிக்காததற்கும் பாதிகூடக் கொடுக்க மனம் வரவில்லை. இன்னொரு முறை தேவைப்பட்டால் இங்கேயே வருவோமா என்றால் வருவோம், கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு வருவோம்.

நான்காம் மாதப் பரிசோதனையில் 2 கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி அளந்தார்கள்; கோணல் இல்லை, இடது கை நீள்வதில் 5 டிகிரி மட்டும் குறைகிறது, அதுவும் வந்துவிடக்கூடும் என்றார்கள். புறப்படும் முன் வார்டின் பொறுப்புச் செவிலியரிடம் எங்கள் கருத்தை எழுதிக் கொடுத்தோம்: வரிசை தள்ளிப்போனால் தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்பது யாருடைய பொறுப்பு என்று பலகையில் எழுதுங்கள், மயக்கம் தெளியும்போது குழந்தை எப்படி இருக்கக்கூடும் என்று முன்பே சொல்லுங்கள். அவர் அதைப் படித்துவிட்டு, மடித்து வைக்காமல், மேசைக் கண்ணாடியின் கீழ் செருகினார். அடுத்த பரிசோதனை ஓராண்டு நிறைவில். அன்று அந்தப் பலகையைப் போய்ப் பார்ப்பேன்.